சிவப்புக் கோடு போட்ட நாடா

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையிலிருந்து மூன்று ஊசி உடைந்துவிட்டது. "ஊசி என்ன பண்ணும் அண்ணி? நீங்க பெடலை மிதிக்கிறீங்களா, பாம்பை மிதிக்கிறீங்களா?" என்றாள் நாத்தனார். சிரிப்பு வந்தது. எரிச்சலும் போகவில்லை.

ஷெட்டில் ஒரே ஒரு ரோல் நாடாதான் மிச்சம். தொழிற்சாலையிலிருந்து கழிவு வந்து பதினெட்டு நாள். முன்னெல்லாம் வாரத்துக்கு ஒரு வண்டி. இவ்வளவு நாள் கழிவே விழாமல் எப்படி நெய்கிறார்கள்? பதினோரு வருஷம் அங்கே பரிசோதனை மேஜையில் நின்றவள் நான். உயரத்தில் தொங்கி வேலை செய்கிறவர்கள் மாட்டுகிற பாதுகாப்பு பெல்ட்டுக்கான நாடா முழுக்க என் விரல் வழியாகத்தான் ஓடும். நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் விட்டுப்போயிருந்தாலும் சரி, சாயத் தொட்டியில் சூடு கூடி நூல் வெந்துபோயிருந்தாலும் சரி, ஓரம் நெடுக சிவப்பு பெயிண்டில் கோடு இழுத்து ஒதுக்கிவிடுவேன். ஒதுக்கியதைப் பின்பக்கம் குழியில் போட்டு எரிப்பார்கள். கறுகறுவென்று புகை. அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மத்தியானம்தான் தோன்றியது — ஆளைத் தாங்காது, சரி. பையாகத் தைத்தால் அஞ்சு கிலோ வெங்காயத்தைத் தாங்காதா?

தாங்கியது. நாலு வருஷமாகத் தாங்குகிறது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சிவப்புக் கோட்டை டிசைன் என்று நினைத்துதான் எல்லாரும் வாங்குகிறார்கள்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஸ்டோர்காரரிடம் போனில் பேசினேன். நான் அங்கே இருந்த காலத்திலிருந்தே கிடங்கைப் பார்த்துக்கொள்கிற மனிதர். கழிவை எனக்குத் தரச் சொல்லி மேலே பேசி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

"புது மெஷின் வந்திருக்கும்மா. இப்பல்லாம் கழிவே வர்றதில்ல."

"கொஞ்சங்கூடவா அண்ணே?"

"கொஞ்சங்கூட."

நல்ல விஷயம்தானே? கழிவு குறைய வேண்டும் என்றுதானே நானும் ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிகிறேன். பிறகு ஏன் போனை வைத்ததும் ஷெட்டுக்குப் போய் மிச்சமிருந்த ரோலை அளந்து பார்த்தேன்? என் பிழைப்பு போகிறது என்கிற சுயநலமா?

பிப்ரவரி 27, வியாழன்

கடைக்காரர்கள் கோடு போட்ட பையைத்தான் கேட்கிறார்கள். நாத்தனார் நல்ல கான்வாஸில் கோடு வரைந்துவிடலாம் என்கிறாள். "கெட்டுப்போனதுக்கு அடையாளமா போட்ட கோடு. இப்ப நல்லதுக்கும் போடுவோம். காலம் அப்படி அண்ணி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கைகளைப் பார்த்தேன், துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். புருஷன் வீட்டை விட்டு வந்து மூன்று வருஷத்தில் அவளுக்கென்று இருப்பது அந்த இரண்டாவது மெஷின் மட்டும்தான்.

மார்ச் 3, திங்கள்

நாடா தீர்ந்தது. ஷெட்டை இரண்டு தடவை கூட்டினேன். கூட்ட ஒன்றுமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி சாப்பிட வந்தான். உயரக் கட்டிடங்களுக்கு வெளிப்பூச்சு அடிக்கிற வேலை அவனுக்கு. காண்ட்ராக்டர் எல்லாருக்கும் புது பெல்ட் கொடுத்திருக்கிறாராம். "அக்கா, போன் வைக்க இதுல ஒரு பாக்கெட் வச்சுக் குடு" என்று மேஜையில் போட்டான். பளபளவென்று இருந்தது.

பழக்கதோஷம், நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தேன்.

நல்ல நாடா என்றால் சர்ரென்று வழுக்கும். வெந்த நூல் அப்படியில்லை, காய்ந்த தோலைச் சுரண்டுகிற மாதிரி கிர்ரென்று கேட்கும். பதினோரு வருஷம் கேட்ட சத்தம். இவரும் தம்பியும் சாப்பிட்டுக்கொண்டே ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள். நான் திரும்பத் திரும்ப நகத்தை இழுத்துக்கொண்டு நிற்கிறேன்.

"என்ன அக்கா, பெல்ட்டுக்குச் சொறிஞ்சு விடுறியா?"

பாக்கெட் நாளைக்கு வைத்துத் தருகிறேன் என்று பெல்ட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். பழசை மாட்டிக்கொண்டு போகச் சொன்னேன்.

நான் தப்பாகவும் கேட்டிருக்கலாம். மேஜையை விட்டு வந்து நாலு வருஷம்.

மார்ச் 10, திங்கள்

தப்பாகக் கேட்கவில்லை.

பஞ்சில் தின்னர் தொட்டு ஓரத்தைத் துடைத்தேன். பஞ்சு ரோஸ் நிறமானது. கோட்டை அழித்திருக்கிறார்கள். மேலோட்டமாக அழித்திருக்கிறார்கள், நூலுக்குள் இறங்கியது போகவில்லை. அப்புறம் சூட்டுக் கத்தியை வைத்து வெட்டினேன். நல்ல நாடா உருகி ஓரத்தில் கண்ணாடி மணி மாதிரி உருளும். இது கருகிப் பொடியாக உதிர்ந்தது.

கழிவு ஏன் வரவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. வெங்காயம் சுமக்க வேண்டியதை ஆள் இடுப்பில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

தம்பிக்குப் போன் செய்தேன். கத்தினான். "வெட்டிட்டியா? காண்ட்ராக்டர் கேட்டா நான் என்ன சொல்ல? எங்க அக்கா பை தைக்க எடுத்துக்கிச்சுன்னு சொல்லவா?" இன்னொரு தரம் அதை மாட்டினால் என் முகத்தில் விழிக்காதே என்றேன். மாட்டுவதற்குத்தான் முழு பெல்ட்டே இல்லையே என்றான். அப்புறம்தான், "நெஜமாவா அக்கா?" என்றான் மெதுவாக.

கூட இருக்கிறவர்களிடமும் சொல்லு என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

தொழிற்சாலை கேட்டுக்கே போனேன். ஸ்டோர்காரர் வெளியே வந்தார். வெட்டின துண்டைக் காட்டினேன். கையில் வாங்கவில்லை.

"அது எங்க சரக்குன்னு யார் சொன்னா?"

"என் நகம் சொல்லுது அண்ணே."

ரோட்டைப் பார்த்தார். வாட்ச்மேனைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "ஏற்றுமதி ஆர்டர்ம்மா, நல்லதெல்லாம் அதுக்குப் போயிடுச்சு. நாள் குறைச்சல். மேல சொன்னாங்க, கீழ செஞ்சோம். நூறு கிலோ ஆளைத் தாங்கும். யாரும் தினமும் விழப்போறதில்ல. நீ பை தைக்கிறதோட நில்லும்மா. சரக்குக்கு நான் வழி பண்றேன்."

யாரும் தினமும் விழப்போவதில்லையாம்.

மார்ச் 12, புதன்

வழி பண்ணிவிட்டார். காலையில் வண்டி வந்து நாலு ரோல் தார்ப்பாய்த் துணியை இறக்கிவிட்டுப் போனது. கழிவு இல்லை. மடிப்புக்கூடக் கலையாத புதுத் துணி.

நாத்தனாருக்கு ஒரே சந்தோஷம். கன்னத்தை வைத்து உரசிப் பார்க்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இது வாயடைக்கக் குடுத்ததா?" என்றாள். "ஆமா." துணி நுனியைக் கையிலிருந்து விடாமல், "திருப்பி அனுப்பிட்டா நாம என்ன தைக்கிறது அண்ணி?"

நாலு ரோலையும் ஷெட் மூலைக்கு உருட்டி வைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். மெஷின் டிராயரில் இருக்கிறது.

மார்ச் 15, சனி

முதல் ரோலைப் பிரித்து வெட்டினோம். நல்ல துணி. கத்தரி வெண்ணெயில் போகிற மாதிரி போகிறது. வெட்ட வெட்ட எனக்கு என்னையே பிடிக்கவில்லை. ஆனால் வெட்டினேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

இவரிடம் கேட்டேன். "சொன்னா தொழிற்சாலையை மூடுவான். முந்நூறு பேர் வேலை போகும். சொல்லலேன்னா..." என்று நிறுத்திவிட்டார். நீங்களே முடியுங்கள் என்றேன். "நான் அச்சகத்துல எழுத்துக் கோக்கிறவன். வாக்கியத்தை முடிக்கிறது உன் வேலை" என்றார். கோபம் கோபமாக வந்தது.

மார்ச் 17, திங்கள்

இன்று போய்விடலாம் என்றிருந்தேன். பை எடுக்க கடைக்காரர் வந்துவிட்டார். அவர் போனதும் அலுவலகம் மூடும் நேரமாகிவிட்டது. உண்மையில் ஒரு மணி நேரம் இருந்தது. தலைவலி என்று சொல்லிக்கொண்டேன். தலைவலி இல்லை.

தம்பி அவன் ஆட்களிடம் சொன்னானாம். பாதிப் பேர் பழசுக்கு மாறிவிட்டார்கள். பாதிப் பேர் "உங்க அக்காவுக்கு நகத்துல காதா?" என்று கிண்டல் செய்தார்களாம். அதே காண்ட்ராக்டருக்கு இன்னும் மூன்று கட்டிடத்தில் வேலை நடக்கிறது. அங்கே யாருக்கும் தெரியாது.

அங்கே யாருக்கும் தெரியாது என்று எழுதிவிட்டுப் போய்க் காய்கறி நறுக்கினேன்.

மார்ச் 18, செவ்வாய்

விழுந்துவிட்டார்.

மார்ச் 19, புதன்

நேற்று எழுத முடியவில்லை. அந்த மூன்று கட்டிடத்தில் ஒன்று. சாரப் பலகை புரண்டிருக்கிறது. அங்கே பூச்சு அடித்துக்கொண்டிருந்தவர் ஒரு நொடி பெல்ட்டில் தொங்கியிருக்கிறார் — பார்த்தவர்கள் சொன்னார்களாம், "அப்பாடா" என்று கைகூடத் தட்டினார்களாம். அப்புறம் அறுந்திருக்கிறது. மூன்றாவது மாடி. கீழே மணல் குவித்திருந்ததால் உயிர் இருக்கிறது. இடுப்பெலும்பும் ஒரு காலும் முறிந்துவிட்டது.

தம்பி வந்தான். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்கும் தெரியும்தானே அக்கா" என்றான். "நானும்தானே மத்த கட்டிடத்துக்குச் சொல்லாம வாயை மூடிட்டு இருந்தேன்."

டிராயரைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். வெட்டின துண்டு, ரோஸ் பஞ்சு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நேரே அலுவலகம். கையில் எடுத்த பையிலும் சிவப்புக் கோடு. பஸ்ஸில் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண். என்னைவிட வயதில் சின்னவள். துண்டை வாங்கி நகத்தால் இழுத்துப் பார்த்தாள். சத்தம் கேட்கவில்லை என்றாள். கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தேன். கேட்டது. முகம் மாறியது.

"உங்களுக்கு இது எப்போ தெரியும்?"

பத்தாம் தேதி என்றேன், மறுநாளே ஸ்டோர்காரரிடம் காட்டியதையும் சொன்னேன். தலையை நிமிர்த்திக் காலண்டரைப் பார்த்தாள். எண்ணினாள். நானும் எண்ணினேன்.

"தேதியை நிரூபிக்கிற மாதிரி எழுத்துல ஏதாவது இருக்கா? அவங்க நேத்து வரைக்கும் தெரியாதுன்னு சாதிப்பாங்க. பதினொண்ணாம் தேதி நீங்க சொன்னதுக்கு ஆதாரம் வேணும்."

இருக்கிறது. இந்த நோட்டில் இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

இரண்டு பக்கம் மட்டும் கொடுத்தால் போதும். பத்தும் பதினொன்றும். மிச்சத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

பதினைந்தைக் கிழித்துவிடலாம். பதினேழையும். தையல் பிரிக்கிற பிளேடை எடுத்து வைத்தே பார்த்துவிட்டேன். நோட்டில் அடுத்த பக்கமும் சேர்ந்து ஆடியது. எல்லாம் ஒரே நூலில் கோத்தது, ஒன்றை எடுத்தால் இன்னொன்று கழன்று வரும்.

அதற்காகத்தான் விட்டேனா? இல்லை. கிழித்துவிட்டு, விழுந்தவர் கட்டிலுக்கு எதிரே எப்படி நிற்பது என்று யோசித்தேன். கிழிக்காமல் போய் நிற்பதும் கஷ்டம்தான். ஆனால் அது வேறு கஷ்டம்.

நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிளேடை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள். பிறகு நாலு ரோலில் பிரிக்காத மூன்றையும் உருட்டி வாசலில் வைத்தாள். "வண்டிக்குச் சொல்லுங்க அண்ணி. தைச்சதையும் பிரிச்சு அனுப்பணுமா?"

மார்ச் 21, வெள்ளி

ஒன்பதிலிருந்து பத்தொன்பது வரை எல்லாப் பக்கமும் நகல் எடுத்துக் கொடுத்தேன். அதிகாரி என் எதிரிலேயே படித்தாள். பதினேழாம் தேதி வந்ததும் கொஞ்சம் நின்றாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

மார்ச் 28, வெள்ளி

தொழிற்சாலையில் சோதனை. நாடாப் பிரிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விற்ற பெல்ட்டையெல்லாம் திரும்ப வாங்க உத்தரவு. ஸ்டோர்காரரைப் பிடித்து விசாரிக்கிறார்களாம். மேலே சொன்னவர்கள் யார் என்று அவர் வாய் திறந்தால் சரி.

பஸ் நிறுத்தத்தில் என் பழைய மேஜைத் தோழியைப் பார்த்தேன். பதினோரு வருஷம் பக்கத்தில் நின்றவள், என் டப்பாவில் சாப்பிட்டவள். "வீட்டுல உக்கார வச்சிட்டே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குத் தள்ளி நின்றாள். வந்து நின்றது அவளும் ஏற வேண்டிய பஸ்தான். அதை விட்டுவிட்டு நின்றாள்.

ஏப்ரல் 2, புதன்

ஷெட்டில் துணி இல்லை. நானும் நாத்தனாரும் தெருத்தெருவாகப் போனோம். லாரி சீட் தைக்கிற பட்டறை, பந்தல் துணி தைக்கிற இடம், கூடாரம் செய்கிற இடம். "வெட்டித் தள்றதைத் தர்றீங்களா?" சீட் பட்டறைக்காரர் மூட்டை மூட்டையாகக் குப்பையில் போட வைத்திருந்தார். "இதை வச்சு என்னம்மா பண்ணுவே?" என்றார். நாத்தனார் தன் தோள்பையைக் கழற்றி அவர் மேஜையில் வைத்தாள். பேரம் பேசவே தேவைப்படவில்லை, வண்டியில் ஏற்ற அவரே வந்து கை கொடுத்தார். எல்லாம் துண்டு துக்கடா. உள்ளங்கை அகலம். ஒட்டுப் போட்டுத் தைக்க வேண்டும், மூன்று மடங்கு வேலை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன்.

அவருக்கு என் வயது இருக்கும். இரும்புச் சட்டத்தில் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். மனைவி ஸ்டூலில். பெயிண்டர் கூட்டத்தில் யாரோ வீட்டுப் பெண் என்று நினைத்து அவர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. சொன்னேன். பெல்ட், நகம், தின்னர், பத்தாம் தேதி, டிராயரில் இருந்த கடிதம். தலைவலி என்று பொய் சொல்லிக்கொண்டதுகூட.

"எட்டு நாளா?" என்றார்.

"ஆமாங்க."

"அறுந்தப்ப சத்தமே வரலைங்க" என்றார். வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி. "பெரிய சத்தம் வரும்னுதானே நெனைப்போம்? வரல."

மனைவி எழுந்து நின்றார். "கெளம்புங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. கிளம்பினேன். படியில் இறங்கும்போது எந்த மாடியில் இருக்கிறேன் என்று எண்ணினேன். மூன்று.

ஏப்ரல் 7, திங்கள்

அழுதால் பரவாயில்லை. அழுகை வரவில்லை. நாள் முழுக்க ஒட்டுத் துணி அடுக்கினேன்.

மே 5, திங்கள்

அதிகாரி போன் செய்தாள். திரும்ப வந்த பெல்ட் அறுநூற்றுச் சொச்சம் அலுவலகக் கிடங்கில் கிடக்கிறதாம். எரித்தால் புகை, குப்பைமேட்டில் போட்டால் யாராவது பொறுக்கி மறுபடி விற்றுவிடுவார்கள். மறுபடி யாரும் இடுப்பில் கட்ட முடியாதபடி துண்டு போட்டுத்தர ஆள் வேண்டும். "உங்க ஞாபகம்தான் வந்தது" என்றாள்.

சரி என்றுதான் வாயில் வந்தது. பிறகுதான் அறுநூறு இடுப்பு என்று கணக்குப் போட்டேன்.

மே 13, செவ்வாய்

வெட்டிக்கொண்டே இருக்கிறோம். ஷெட் முழுக்கக் கருகின வாசனை. முதலில் கொக்கியைக் கழற்றுவது, பிறகு முழ நீளத்துக்கு மேல் எதுவும் மிஞ்சாமல் துண்டு போடுவது. கொக்கியெல்லாம் அலுவலகத்துக்குத் திரும்பப் போகிறது. துண்டை அடுக்கி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னித் தைத்தால் தட்டையான பாய் மாதிரி வருகிறது. அதில் வாசல் மிதியடி போடுகிறோம். பை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். எதையும் தொங்கவிடுகிற வேலைக்கு இந்த நாடா இனி வேண்டாம். தரையில் கிடக்கட்டும்.

ஒரு பெல்ட்டின் உள்பக்கம் யாரோ பேனாவால் தன் பெயரை எழுதி வைத்திருந்தார். திருடு போகாமல் இருக்க. விழாமல் வீடு போய்ச் சேர்ந்த ஆள். நாத்தனார் அந்தப் பெயரைச் சத்தமாக ஒரு தடவை வாசித்துவிட்டு வெட்டினாள்.

மே 30, வெள்ளி

தொழிற்சாலை திறந்துவிட்டது. மேலே சொன்னவர்களில் ஒருவர்மேல் வழக்கு. ஸ்டோர்காரர் சாட்சியாகிவிட்டார். பழைய தோழி வேலைக்குப் போகிறாள். என்னைப் பார்த்தால் இன்னும் தள்ளித்தான் நிற்கிறாள். நிற்கட்டும். பரிசோதனை மேஜைக்கு அவளைத்தான் தலைமையாகப் போட்டிருக்கிறார்களாம்.

ஜூன் 8, ஞாயிறு

தம்பி வந்தான். விழுந்தவர் வீட்டுக்கு வந்துவிட்டாராம், சட்டம் மாதிரி நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்து நடக்கிறாராம். இரண்டு கையும் கோலிலேயே இருப்பதால் எதையும் எடுத்துக்கொண்டு நடக்க முடியவில்லை. "உங்க அக்கா பை தைப்பாங்கன்னு சொன்னியே, கோல்ல மாட்டுற மாதிரி ஒண்ணு கேளு" என்று சொன்னார் என்றான்.

"அவரா கேட்டார்?"

"அவரேதான். ஆனா நாடா வேண்டாமாம். துணியிலயே போடணுமாம்."

ஜூன் 11, புதன்

சீட் பட்டறைத் துணியில் இருப்பதிலேயே கனமானதை எடுத்தேன். ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக வர, மூட்டையெல்லாம் கொட்டித் தேடினேன். காதுக்கு நாலு மடிப்பு. மூன்று தடவை பிரித்தேன். "அண்ணி, அது பை. பாலம் இல்ல" என்றாள் நாத்தனார். நாலாவது தடவையும் பிரித்தேன்.

ஜூன் 12, வியாழன்

நானே கொண்டுபோனேன். மனைவிதான் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. வழியை விட்டு நகர்ந்து நின்றார்.

அவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அடியை முழங்காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு, காதை இரண்டு கையாலும் பிடித்து, முழுப் பலத்தோடு மேலே இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு இழுத்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மனைவி "போதும், இடுப்பு" என்றார்.

விட்டார். மூச்சு வாங்கியது. பையை ஊன்றுகோலில் மாட்டினார். தண்ணீர் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்தார்.